ஐம்பது கிராம் எடைக்கல்

பைப் இல்லை அண்ணாச்சி. எல்லோரும் பைப் என்றுதான் நினைக்கிறார்கள். கண்டக்டர்கூட, "பிளம்பர் சாமானை மேல போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மேலே போட முடியாது. மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் முழங்காலில் இடித்தால் சொல்லுங்கள், ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன்.

ராக்கெட் அண்ணாச்சி.

சிரிக்கலாம், தப்பில்லை. விண்வெளிக்கு அனுப்புகிறார்களே, அது இல்லை. பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் வைக்கிற மாதிரி ராக்கெட். மூன்றடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. ஆனால் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இது பறந்த ராக்கெட். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், தூத்துக்குடியில், அத்தனை பேர் முன்னால் பறந்தது. மாவட்டத்தில் முதல் பரிசு. சான்றிதழ் பையில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன். சங்கரபாண்டியன், பதினோராம் வகுப்பு. நான்தான்.

நீங்களும் கோவில்பட்டிதானே? அப்படியானால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கேளுங்கள். எனக்கும் யாரிடமாவது சொன்னால் தேவலை என்றுதான் இருக்கிறது. வீட்டில் வாயைத் திறந்தால் மனைவி, "ஒங்க அக்கா பேச்சுல என்னைய இழுக்காதீங்க" என்கிறாள்.

அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இங்கே விளாத்திகுளத்தில் இருக்கிறாள். செண்பகவல்லி என்று பெயர். எனக்கு இரண்டு வயது மூத்தவள். ஜாக்கெட் தைக்கிறாள். நல்ல கை, அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்றால் அவளிடம்தான் வருவார்கள். பாசம் இல்லாமல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் ஷார்ஜாவில் லிஃப்ட் கம்பெனியில் இருந்தேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் அவளுக்கென்று தனியாக ஒரு பெட்டி கட்டிக்கொண்டுதான் வருவேன். போன மாசியில்தான் போதும் என்று ஒரேயடியாக வந்துவிட்டேன்.

வந்த பதினைந்தாம் நாள் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியர் போன் செய்தார். எழுபத்தைந்தாவது ஆண்டு விழா. பேர் வாங்கின பழைய மாணவர்களை மேடையில் உட்காரவைக்கப் போகிறார்களாம். "சார், ஒங்க ராக்கெட்ட இன்னும் இங்க சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். அத மறுபடி ஒரு தடவ விட்டுக் காட்டணும் சார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சரி என்று சொல்லிவிட்டேன். மனிதர் அதை அழைப்பிதழிலேயே அடித்துவிட்டார். இதோ பாருங்கள், மூன்றாவது வரி. 'பரிசு பெற்ற அதே ராக்கெட்டை, அதை உருவாக்கியவரே விண்ணில் செலுத்துவார்.' நாளைக் காலை பத்து மணி.

அதே ராக்கெட். அதுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

அன்றைக்குப் போனது அம்பு மாதிரி போனது அண்ணாச்சி. இறங்கினதுதான் சரியில்லை. காற்று இழுத்துக் கொண்டுபோய் உப்பளத்து வரப்பில் மோதிவிட்டது. நான் மேடைக்குப் போய்விட்டேன், பரிசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். துணைக்கு வந்திருந்த அக்காதான் ஓடிப்போய், உடைந்ததை எல்லாம் தாவணியில் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் பழைய வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். கோடு போட்ட நோட்டு ஒன்றும் இருந்தது, அதைக் கரையான் பாதி தின்றுவிட்டது. மிச்சத்தில் என்னென்னவோ கூட்டல் பெருக்கல். அக்காவின் வீட்டுக் கணக்காக இருக்கும் என்று எடைக்குப் போட்டுவிட்டேன்.

மூக்கு முழுசாக இருந்தது. நூற்பு மில்லில் நூல் சுற்றுவார்களே, அட்டைக் கோன், அதில் செய்தது. அக்காவுடைய சிநேகிதி ஒருத்தி மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவளிடம் கேட்டு அக்காதான் வாங்கி வந்தாள். இறக்கை நான்கில் இரண்டு கிடைத்தது. உடம்புக் குழாய் பூச்சி அரித்துப் போயிருந்தது, ஒரு முழம்தான் தேறியது. நானும் விடவில்லை. ஜவுளிக் கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய் ஒன்றை வாங்கி, பழைய முழத்தை அதோடு ஒட்டுப் போட்டேன். குறைகிற இரண்டு இறக்கைக்குப் பரீட்சை அட்டை வாங்கி வெட்டினேன். ஏன் பரீட்சை அட்டை என்றால், பழையதும் அதில்தான் வெட்டியிருந்தது. அக்காவின் பரீட்சை அட்டை. அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், "எனக்கு இனிமே எதுக்கு" என்று அவளே கத்தரித்துக் கொடுத்தாள். ஒரு இறக்கையில் 'செண்ப' என்று பேனாவில் எழுதியிருந்தது, இன்னொன்றில் '+2 அ பிரிவு' என்று. அசிங்கமாக இருந்தது. சிவப்பு எனாமல் இரண்டு கை அடித்தேன். இப்போது ஒன்றும் தெரியாது. தொட்டுப் பாருங்கள், காய்ந்துவிட்டது.

என்னது? படிப்பை ஏன் நிறுத்தினாளா?

மார்க்கெல்லாம் நல்ல மார்க். பள்ளிக்கூடத்தில் இரண்டாவதோ மூன்றாவதோ. அப்பா போதும் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலம் அப்படி. அப்பாவுக்கு பஜாரில் மளிகைக் கடை. அவள் வீட்டில் சும்மாதான் இருந்தாள். சும்மா இருக்கிறவளுக்குப் பொழுது போக வேண்டுமே, அதனால் நான் ராக்கெட் செய்யும்போது பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் அளக்கும்போது டேப் பிடிப்பாள். அளக்கிற டேப். மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா. அப்புறம் விளக்க அட்டை எழுதினாள், என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். இறக்கை வெட்டினாள். மூக்கைப் பொருத்தினாள். மற்றபடி விளையாட்டுத்தான். ராக்கெட்டின் நடுவில் ஒரு நூலைக் கட்டி, வாசலில் நின்று தலைக்கு மேலே கிறுகிறு என்று சுற்றுவாள். பதினெட்டு வயதுப் பெண் அண்ணாச்சி, தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். சுற்றிவிட்டு நிறுத்துவாள், மூக்கைக் கழற்றி ஏதோ நோண்டுவாள், மறுபடி சுற்றுவாள். நான் திட்டுவேன். "என் ராக்கெட்ட ஒடைக்கப் போற" என்பேன். "எலே, நீ பேசாம உக்காரு" என்பாள்.

நான் என்ன செய்தேனா? என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்கிறீர்கள். ராக்கெட் செய்தேன். பெயின்ட் அடித்தது நான். சிவகாசிக்குப் போய் தீபாவளி வாணம் வாங்கிவந்து அதன் மருந்துக் குழல்களை அடியில் பொருத்தியது நான். கண்காட்சியில் பேசியது யார்? நான்தானே. நடுவர்கள் மூன்று பேர். அதில் கண்ணாடி போட்ட ஒருத்தர் கேட்டார்: "தம்பி, தீபாவளி ராக்கெட்டுக்கு நீளமா ஒரு குச்சி இருக்கும். ஒன்னோடதுல குச்சியே இல்லையே, எப்படி நேரா போகும்?" மற்ற பையன்கள் என்றால் முழித்திருப்பார்கள். நான் கடகடவென்று சொன்னேன்: "கனம் மூக்குப் பக்கம் இருப்பதால் வால் தானாகப் பின்னால் வரும், ஐயா. குச்சி செய்கிற வேலையை இறக்கை செய்யும்." அவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு பதிலுக்குத்தான் முதல் பரிசு. முந்தின நாள் அக்கா இருபது தடவை சொல்ல வைத்திருந்தாள். எனக்கு ஞாபகசக்தி நல்ல ஞாபகசக்தி.

அந்தப் பரிசுதான் எனக்கு வாழ்க்கை. ஊரில் ஒரு பெரிய மனிதர், 'இந்தப் பையனை நான் படிக்க வைக்கிறேன்' என்று முன்வந்தார். இன்ஜினியரிங், அப்புறம் மெட்ராஸ், அப்புறம் ஷார்ஜா. ஒரு தினசரியில்கூட என் படம் வந்தது. நிருபர் கேட்டபோது, 'என் அக்கா டேப் பிடித்து உதவினார்' என்று நானே சொன்னேன். வேறு எவனாவது என்றால் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டான். அப்பா அந்தச் செய்தியைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். அக்கா அடுத்த தையில் கல்யாணம் ஆகிப் போகிறவரை தினமும் அதன் கீழேதான் சாமான் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இருங்கள், எடைக்கல் கதையைச் சொல்ல விட்டுவிட்டேன். அதுதான் முக்கியம்.

கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னால் கடையில் ஐம்பது கிராம் எடைக்கல் தொலைந்துபோனது. பித்தளைக் கல், குண்டாக, சின்னதாக, தலையில் ஒரு குமிழோடு இருக்கும். தராசுக்கும் கல்லுக்கும் வருஷா வருஷம் சர்க்கார் முத்திரை போட வேண்டும், தெரியும் இல்லையா? முத்திரை போடுகிறவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா கல்லை எல்லாம் வரிசையாக எடுத்து வைக்கிறார். ஒரு கிலோ இருக்கிறது, அரைக் கிலோ இருக்கிறது, இருநூறு, நூறு, அப்புறம் இருபது. நடுவில் ஐம்பதைக் காணோம். கடை நிறைய ஆள். வந்தவர் சிரித்துக்கொண்டே, "என்ன முதலாளி, ஐம்பது கிராமுக்குக் கண்ணால நிறுக்கீங்களா" என்று கேட்டுவிட்டார். அப்பா மானஸ்தர்.

வெள்ளிக்கிழமைதோறும் கல்லை எல்லாம் புளி போட்டு விளக்கி வைப்பது அக்காவின் வேலை. அதனால் அவளைத்தான் கேட்டார். "தெரியலப்பா" என்றாள். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அடித்தார். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை அப்படி அடிக்கக் கூடாதுதான். நான் அங்கேதான் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் "எங்க வச்ச, எங்க வச்ச" என்று கேட்கிறார். இவள் வாயைத் திறக்கவில்லை. பீரோ மேலே ஒரு தடவை பார்த்தாள். ராக்கெட்டை அங்கேதான் வைத்திருந்தோம். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். பிடிவாதக்காரி அண்ணாச்சி. எங்கே வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி மிச்சம்.

கல் எங்கே என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதானே சொல்கிறேன். ராக்கெட்டைத் தோளில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறும்போது மூக்குப் பக்கம் அழுத்தியது உண்மை. களிமண்ணோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். பதினாறு வயதில் எவன் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பான்?

ஆமாம், அதற்குள்தான் இருந்தது. நீங்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்கு இந்த ஆடியில்தான் தெரிந்தது. மூக்கைச் சுத்தம் பண்ணலாம் என்று உள்ளே விரலை விட்டேன், கெட்டியாக என்னவோ அடைத்திருந்தது. எலி, குளவி ஏதாவது கூடு கட்டியிருக்கும் என்று ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்தேன். மெழுகு. மெழுகுக்கு நடுவில் பஞ்சு. பஞ்சுக்கு நடுவில் அந்தக் கல். அசையாமல் அப்படியே கருவில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கள்ளி, இங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்துவிட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாளே என்று. மெழுகு குப்பையை எல்லாம் தூரப் போட்டேன். கல்லைத் துடைத்து எடுத்துக்கொண்டு அன்றைக்கே விளாத்திகுளம் பஸ் ஏறினேன்.

"அக்கா, கண்ண மூடு, கைய நீட்டு" என்றேன். ஐம்பது வயதில் என்னடா விளையாட்டு என்கிற மாதிரிதான் நீட்டினாள். கல்லை வைத்தேன். பார்த்தாள். குமிழின் இடுக்கில் மெழுகு கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதை நகத்தால் எடுத்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியா, தொலஞ்ச கல்லு கிடைச்சிருச்சு" என்றேன்.

"தொலஞ்சிருந்தாத்தான கிடைக்கிறதுக்கு" என்றாள்.

தையல் மெஷின் டிராயரைத் திறந்து உள்ளே போட்டாள். நானும் காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ராக்கெட்டை விட்டுப் பார்த்தேன். பைபாஸ் பக்கம் கரிசல் காடு, ஆள் நடமாட்டம் கிடையாது. வாணக் குழல் மாட்டி, திரியைக் கொளுத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். கிளம்பியது. பனை உயரம்கூட இல்லை, அதற்குள் குட்டிக்கரணம் போட்டது. தலை எங்கே வால் எங்கே என்று தெரியாமல் சுழன்று, படுக்கைவாக்கில் பாய்ந்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் தூக்குவாளியைத் தட்டிவிட்டுப் போய் விழுந்தது. அந்த அம்மா என் வம்சத்தையே இழுத்து வைத்துப் பேசினாள். "கட்டையில போறதுக்கு மின்னாடி இது என்னய்யா வெளையாட்டு" என்றாள். குழாய் இரண்டாக முறிந்துவிட்டது. மறுபடி ஜவுளிக் கடை, மறுபடி ஒட்டு.

அப்புறம்தான் இன்டர்நெட்டில் பார்த்தேன். மூக்குப் பக்கம் கனம் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் திரும்பிவிடுமாம். வாசிக்கும்போதே எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று யோசித்தால், என் வாயால் நானே சொன்னது. அந்த நடுவரிடம். கூத்தைப் பாருங்கள். அது மட்டுமில்லை, பறக்குமா பறக்காதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டாம். ராக்கெட்டின் நடுவில் நூலைக் கட்டி, தலைக்கு மேலே சுற்ற வேண்டுமாம். மூக்கு முன்னால் போனால் பறக்கும், வால் முன்னால் போனால் பறக்காது. அக்கா வாசலில் நின்று சுற்றிக்கொண்டிருந்தாளே, தற்செயலாக அதையேதான் செய்திருக்கிறாள். தற்செயல் என்பது எப்படியெல்லாம் அமைகிறது பாருங்கள்.

நானும் கட்டிச் சுற்றினேன். எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். கனத்துக்கு நட்டும் போல்ட்டுமாக மூக்குக்குள் போட்டேன். ஒரு தடவை சரியாகச் சுற்றும், அடுத்த தடவை மாறிவிடும். போல்ட்டைக் கூட்டினேன், குறைத்தேன். பத்தொன்பது வருஷம் லிஃப்ட்டுக்கு எதிர் எடை வைத்துக் கொடுத்தவன் அண்ணாச்சி நான். முப்பது மாடி லிஃப்ட். இந்த மூன்றடி அட்டைக் குழாய் எனக்கு அடங்கமாட்டேன் என்கிறது. ராத்திரி படுத்தால் பள்ளிக்கூட மைதானமும் அந்தப் பிள்ளைகளும்தான் கண்ணில் நிற்கிறார்கள். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள். அவர்கள் முன்னால் குட்டிக்கரணம் போட்டால்?

அதனால்தான் இன்று காலையில் முதல் பஸ் பிடித்து அக்காவிடம் போனேன். அந்தக் கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்படியே விழாவுக்கும் அழைத்துவிட்டு வரலாம் என்று.

கழுத்தில் டேப்போடு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "வா தம்பி" என்றாள். முன்னெல்லாம் 'எலே' என்பாள், நான் வெளிநாடு போனதிலிருந்து தம்பியாகிவிட்டேன். அழைப்பிதழை வாசித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். அப்புறம், "மேடையில என்ன பேசப் போற?" என்று கேட்டாள்.

எழுதிவைத்த தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கம். ஆசிரியர்கள், அப்பா, அந்தப் பெரிய மனிதர், எல்லோரையும் சொல்லியிருக்கிறேன். அவளையும் விடவில்லை. 'அன்று எனக்கு டேப் பிடித்து உதவிய என் அன்பு அக்கா இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்லாருக்கு. பேப்பர்ல வந்தது அப்படியே இருக்கு" என்றாள்.

"வருவ இல்ல?"

"ஆவணி முகூர்த்தம். பன்னெண்டு ஜாக்கெட் கெடக்கு."

"ஒரு நாள்தான அக்கா."

சரி, அந்தக் கல்லையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டேன். டிராயரைத் திறக்கவில்லை அண்ணாச்சி. அதன் மேலே கையை மட்டும் வைத்தாள்.

"அடி வாங்குனவ நான். கல்லு எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றாள்.

ஐம்பது கிராம் பித்தளை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள்? மச்சான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார், "குடுத்துவிடேன், சின்னப்பிள்ளை மாதிரி" என்றார். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கத்தவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கத்தினால் நாமும் ஏதாவது சொல்லலாம்.

நான் எழுந்துவிட்டேன். செருப்பு மாட்டும்போது, "அதை இங்க கொண்டா" என்றாள். ராக்கெட்டை வாங்கினாள். ஆட்காட்டி விரல் மேலே குறுக்காக வைத்தாள், இங்கே அங்கே நகர்த்தினாள், அது தராசுக் கோல் மாதிரி நின்றது. அந்த இடத்தில் தையல் நூலை நாலாக மடித்துக் கட்டினாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். "எலே, தள்ளி நில்லு" என்றாள்.

எலே என்றாள் அண்ணாச்சி. எத்தனை வருஷத்துக்கு அப்புறம்.

சுற்றினாள். மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது, உடம்பு அப்படியே நிற்கிறது. ஐம்பது வயது. எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டாள். இரண்டு சுற்று மூக்கு முன்னால் போனது. மூன்றாவது சுற்றில் என்னவோ உள்ளே கடகட என்றது, அப்படியே திரும்பிக்கொண்டது. வால் முன்னால், மூக்கு பின்னால். அவள் நிறுத்தவில்லை. அது தப்பாகச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு இன்னும் ஏழெட்டுச் சுற்று சுற்றினாள். அப்புறம் இறக்கிப் பிடித்தாள், காது பக்கத்தில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"உள்ள லொடலொடங்குது. கனம் அசையக் கூடாது" என்றாள்.

"ஒனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

என்னைப் பார்த்தாள். "டேப் பிடிச்சுக்கிட்டே பாத்தேன்" என்றாள்.

சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

"அப்ப நீயே சரிபண்ணிக் குடுத்துரு அக்கா. ஒனக்குப் பத்து நிமிஷ வேலை" என்றேன்.

"பத்து நிமிஷந்தான்" என்றாள்.

அவ்வளவுதான். நூலை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டாள். இறக்கையைத் தடவிப் பார்த்தாள், அந்தச் சிவப்பு பெயின்ட்டை, நகத்தால் ஒரு இடத்தில் லேசாகச் சுரண்டினாள். பிறகு என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் ஓடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அந்த நூலைக்கூடத் தரவில்லை.

இப்போது என்ன செய்வது, சொல்லுங்கள். மெழுகு ஊற்றி அசையாமல் நிறுத்தலாம், அது தெரிந்துவிட்டது. ஆனால் எவ்வளவு மெழுகு? எத்தனை போல்ட்? எவ்வளவு ஆழத்தில்? நாளைக் காலை பத்து மணி. தலைமையாசிரியருக்குப் போன் செய்து மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "வானம் பளிச்சுனு இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்கிறார்.

என்ன கேட்டீர்கள்?

செய்தது யார் என்றால்… சான்றிதழில் என் பெயர்தானே அண்ணாச்சி இருக்கிறது. இருங்கள், எடுக்கிறேன். இதோ. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. அவள் பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தவள், அவள் பெயரில் கொடுக்கவே முடியாது. விதி அப்படி. நான் என்ன செய்ய முடியும்? அவளும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. உப்பளத்திலிருந்து தாவணி நிறையத் துண்டுகளோடு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று கைதட்டினாள். இல்லை, இரண்டு கையாலும் தாவணியைப் பிடித்திருந்தாள், தட்டியிருக்க முடியாது. தலையைத்தான் ஆட்டினாள்.

சரி, விடுங்கள். எட்டயபுரம் தாண்டிவிட்டது போல.

உங்களிடம் பேனா இருக்குமா? ஒரு வரி மாற்ற வேண்டும். அவள் அப்படிப் போய் மெஷினில் உட்கார்ந்தது எனக்கும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வருகிறாளோ இல்லையோ, அவளுக்குரியதைக் கொடுத்துவிட வேண்டும். பஸ் குலுங்குகிறது, கொஞ்சம் தாளின் இந்த நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங், அப்படித்தான்.

இப்போது கேளுங்கள். 'அன்று எனக்கு டேப் பிடித்தும், எடைக்கல் கொடுத்தும் உதவிய என் அன்பு அக்கா…'

இப்போது சரியாக இருக்கிறது இல்லையா?

ஏன் அண்ணாச்சி, நீங்களும் அவளை மாதிரியே பார்க்கிறீர்கள்?